வாலில் ஒரு வார்த்தை

எனக்கு இருபது வருஷமாகப் பழக்கமான அச்சகக்காரர் ஒருவர் உண்டு. என் புத்தகங்களில் பாதிக்கு மேல் அவருடைய அச்சகத்தில் அச்சானவைதான். எழுத்தாளனுக்கும் அச்சகக்காரருக்கும் உள்ள உறவு மாமியார் மருமகள் உறவு மாதிரி. புரூப் திருத்தி அனுப்பத் தாமதம் என்று அவர் என்னைக் குறை சொல்வார். அச்சுப்பிழை மலிந்துவிட்டது என்று நான் அவரைக் குறை சொல்வேன். ஆனால் இரண்டு பேரும் தனிக்குடித்தனம் போனதில்லை.

சென்ற மாதம் ஒருநாள் மாலை அவர் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது போலும் என்று நினைத்தேன்.

“என்ன, கல்யாணமா?” என்றேன்.

“கல்யாணந்தான் ஸார், அச்சகத்துக்கு! பிரைவேட் லிமிடெட் ஆக்கப் போகிறேன். புது மிஷின் வாங்கவேண்டியிருக்கிறது. சட்டப்படி இரண்டு பங்குதாரர் இருந்தால் போதும். நானும் என் சம்சாரமும் இருக்கிறோம். மூன்றாவதாக நீங்களும் ஒரே ஒரு பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும். பத்தே ரூபாய். உங்கள் பெயரும் இருந்தால் கம்பெனிக்கு ஒரு கௌரவம்.”

“நாளைக்கு நஷ்டம் வந்தால்?”

“பத்து ரூபாயோடு போயிற்று. அதுதானே ஸார் லிமிடெட்! அதுவும் தவிர, போர்டில் ‘லிமிடெட்’ என்று போட்டுக்கொண்டாலே ஒரு தனி மதிப்பு.”

ஒரு வாரம் அவகாசம் கேட்டு அவரை அனுப்பி வைத்தேன். பத்து ரூபாய்க்கு இந்தப் பிகுவா என்று அவர் நினைத்திருக்கக்கூடும். எனக்கோ, ஓர் அச்சகக்காரரோடு கூட்டுச் சேர்ந்த இன்னொரு நாவலாசிரியரின் ஞாபகம் வந்துவிட்டது. அவர் பெயர் ஸர் வால்ட்டர் ஸ்காட்.

‘ஐவன்ஹோ’ எழுதிய அதே ஸ்காட்தான். அவருக்கு ஜேம்ஸ் பாலண்டைன் என்று ஒரு பள்ளித் தோழர் இருந்தார். எடின்பரோ நகரத்தில் அச்சகம் வைத்திருந்தார். 1805-ஆம் வருஷம் ஸ்காட் அந்த அச்சகத்தில் இரகசியப் பங்காளியாகச் சேர்ந்தார். இரகசியம் எதற்கு என்றால், ஸ்காட் வக்கீல். ஷெரீப் உத்தியோகமும் வகித்தவர். அப்படிப்பட்ட மனிதர் வியாபாரத்தில் இறங்குவது அந்தக் காலத்தில் அந்தஸ்துக்குக் குறைவு.

புத்தகங்கள் அமோகமாக விற்றன. ஸ்காட் அபட்ஸ்போர்டு என்ற இடத்தில் நிலம் வாங்கி, கோட்டை மாதிரி ஒரு மாளிகை கட்டினார். பணம் வந்தது, வருவதற்கு முன்பே செலவும் ஆயிற்று. பதிப்பாளர் கான்ஸ்டபிளும் அச்சகமும் உண்டியல் எழுதியே காலம் தள்ளினார்கள். இவர் உண்டியலுக்கு அவர் ஜவாப்தாரி, அவர் உண்டியலுக்கு இவர் ஜவாப்தாரி. இரண்டு குடிகாரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு நடப்பதுபோல் இந்த ஏற்பாடு சில வருஷம் நன்றாகவே நடந்தது. 1825 டிசம்பரில் லண்டனில் பீதி கிளம்பிப் பல பாங்குகள் மூடப்பட்டன. 1826 ஜனவரியில் கான்ஸ்டபிளின் லண்டன் ஏஜண்டுகள் விழுந்தார்கள். அவர்களோடு கான்ஸ்டபிள் விழுந்தார். கான்ஸ்டபிளோடு பாலண்டைன் அச்சகமும் விழுந்தது.

அப்போது ஸ்காட்டுக்கு வயது 54. அவர் தலையில் விடிந்த கடன் ஏறக்குறைய 1,20,000 பவுன். அச்சகத்தில் அவர் போட்ட முதல் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கூட்டு வியாபாரத்தில் பங்காளியாகச் சேர்ந்தவன், கடைசிக் காசு வரையில், கடைசிக் காணி நிலம் வரையில் அந்த வியாபாரத்தின் கடனுக்குப் பொறுப்பு. அதுதான் சட்டம்.

ஸ்காட் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொண்டிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. கடன்காரர்களிடம் அவகாசம் மட்டும் கேட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தார். அந்த வருஷம் மே மாதம் மனைவி இறந்தாள். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. நெப்போலியனின் வாழ்க்கையை ஒன்பது பாகங்களில் எழுதி 1827-ல் வெளியிட்டார். அப்புறம் பாரிசவாயு வந்தது. அதற்குப் பிறகும் எழுதினார். 1832-ல் அவர் இறந்தபோது கடனில் பெரும் பகுதி தீர்ந்திருந்தது. மீதியையும் அவருடைய புத்தகங்களின் உரிமையே பிற்பாடு தீர்த்துவிட்டது.

மனத்தை உருக்கும் கதைதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஸ்காட்டின் பேனாவில் தங்கச் சுரங்கம் இருந்தது. ஆகவே கடன் தீர்ந்தது. சாதாரணக் கடனாளியின் கதி என்ன? சார்லஸ் டிக்கன்ஸின் தகப்பனார் 1824-ல் கடனுக்காக மார்ஷல்ஸீ சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் பூட்ஸுக்குப் போடும் கறுப்பு மை தயாரிக்கும் கிடங்கில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டப் போனான். கடனுக்குச் சிறையும் கூட்டுக்கு முழுப் பொறுப்பும் நடைமுறையில் இருந்த தேசம் அது.

இப்படிக் கடுமையான சட்டத்தை இங்கிலீஷ்காரர்கள் ஏன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்? அதற்கு நூறு வருஷம் பின்னால் போகவேண்டும்.

கம்பெனி என்ற வார்த்தையை நமக்குக் கற்றுக்கொடுத்த கிழக்கிந்தியக் கம்பெனி 1600-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி எலிஸபெத் ராணியின் சாஸனத்தினால் பிறந்தது. அந்த நாளில் கம்பெனி என்பது ராஜா கொடுக்கும் வரம். ராஜாவோ பார்லிமெண்டோ தனியாகச் சாஸனம் கொடுத்தால்தான் பல பேர் சேர்ந்த கூட்டம் ஒரே ஆளாகச் சொத்து வாங்கலாம், வழக்காடலாம். இந்த வரத்தைப் பெற்ற கம்பெனிகளில் ஒன்று, 1711-ல் ஏற்பட்ட தென்கடல் கம்பெனி. ஸ்பெயினுக்குச் சொந்தமான தென் அமெரிக்காவோடு வியாபாரம் என்று பெயர். அந்த வியாபாரம் பெரிதாக நடக்கவில்லை. 1720-ல் அரசாங்கத்தின் கடனைத் தன் பங்குகளாக மாற்றிக்கொள்ள அது ஏற்பாடு செய்தது. வருஷ ஆரம்பத்தில் 130 பவுனுக்குக் குறைவாக இருந்த பங்கு, கோடைக்காலத்தில் 1,000 பவுனை எட்டியது. பிரபுவும் சமையற்காரியும் ஒரே தெருவில் நின்று பங்கு வாங்கினார்கள். அதைப் பார்த்துத் தெருவுக்கொரு கம்பெனி முளைத்தது. செப்டம்பர் மாத முடிவில் தென்கடல் பங்கு 200 பவுனுக்கும் கீழே கிடந்தது. ஆப்பிள் விழுந்த காரணத்தைக் கண்டுபிடித்த ஸர் ஐஸக் நியூட்டனும் இதில் பெருந்தொகையைத் தொலைத்தார். நிதி மந்திரி ஐலபி லண்டன் கோட்டைச் சிறைக்குப் போனார்.

அந்த வருஷமே, சாஸனமில்லாமல் கம்பெனி ஆரம்பிப்பது குற்றம் என்று ஒரு சட்டம் வந்தது. ‘நீர்க்குமிழிச் சட்டம்’ என்று அதற்குப் பெயர் நிலைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டம் வந்தது குமிழி உடைவதற்கு முன்னால். தங்களோடு போட்டி போடும் சிறு குமிழிகளை உடைப்பதற்காகத் தென்கடல் கம்பெனிக்காரர்களே அதை ஆதரித்தார்கள். உடைந்தது பெரிய குமிழி. ஆனாலும் அந்தச் சட்டம் நூறு வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்து, 1825-ல்தான் ரத்தாயிற்று.

அதற்குள் தேசம் மாறிவிட்டது. ரயில் பாதை போடவும் நெசவாலை கட்டவும் ஒரு பிரபுவின் பெட்டிப்பணம் போதாது. ஆயிரம் பேருடைய சேமிப்பு வேண்டும். 1844-ல் கிளாட்ஸ்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ராஜாவிடம் வரம் கேட்க வேண்டாம்; ரிஜிஸ்தர் ஆபீஸில் காகிதம் கொடுத்துப் பதிவு செய்தால் போதும், கம்பெனி பிறந்துவிடும். ஆனால் பங்குதாரரின் பொறுப்பு பழையபடி கடைசிக் காசு வரையில்தான்.

கம்பெனியில் ஒரு பங்கு வாங்குகிற பள்ளிக்கூட வாத்தியார், தாம் பார்த்தறியாத டைரக்டர்கள் வாங்கும் கடனுக்குத் தம் வீட்டையும் ஈடு வைக்கவேண்டுமா? இந்தக் கேள்வி 1850-ல் பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்றின் முன் வந்தது. நடுத்தர வகுப்பாரும் தொழிலாளிகளும் தங்கள் சேமிப்பை எதில் போடலாம் என்று ஆராய்வதற்காக ஏற்பட்ட கமிட்டி அது. ஜான் ஸ்டூவர்ட் மில் அங்கே சாட்சி சொன்னார். பணக்காரனுக்கு நிலமும் பத்திரமும் இருக்கின்றன. ஏழைக்குத் தொழிலில் பங்கு கிடைக்கவேண்டுமானால் பொறுப்புக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது சீர்திருத்தக்காரர்களின் கட்சி. ‘லாபம் வந்தால் எனக்கு, நஷ்டம் வந்தால் ஊருக்கு என்று சொல்லும் சட்டமா? மோசக்காரர்களுக்கு நடைபாவாடை விரிப்பதல்லவா இது?’ என்பது எதிர்க்கட்சி.

எனக்கு இரண்டு கட்சியும் நியாயமாகவே படுகின்றன. நஷ்டம் என்பது ஆவியாகிப் போகிற வஸ்து அல்ல. பங்குதாரரின் தலையிலிருந்து இறக்கினால் வேறொருவர் தலையில் உட்கார்ந்தாக வேண்டும். அந்த வேறொருவர் யார்? கம்பெனிக்குச் சரக்குக் கடன் கொடுத்தவர்.

1855-ல் எல்லையிட்ட பொறுப்புச் சட்டம் நிறைவேறியது. குறைந்தது 25 பங்குதாரர்கள் வேண்டும் என்றது அது. மறுவருஷமே ராபர்ட் லோ அதை மாற்றி, ஏழு பேர் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆக்கினார். எதிர்க்கட்சியின் ஆட்சேபத்துக்கு இந்தச் சட்டங்கள் சொன்ன பதில்தான் நம் கதைக்கு முக்கியம். கடன் கொடுக்கிறவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அவனுக்கு உண்மை தெரிய வேண்டும். ஆகையால் இத்தகைய கம்பெனி ஒவ்வொன்றும் தன் பெயரின் கடைசியில் ‘லிமிடெட்’ என்ற வார்த்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயரை ஆபீஸ் வாசலில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைக்கவேண்டும். பங்குதாரர்களின் ஜாபிதாவை ரிஜிஸ்தர் ஆபீஸில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அச்சகக்காரர் கௌரவப் பட்டம் என்று நினைத்த வார்த்தையின் பூர்வோத்தரம் இதுதான். ‘ராவ் பகதூர்’ பட்டம் மாதிரி அது வரவில்லை. ‘நாய் கடிக்கும், ஜாக்கிரதை’ என்று வாசலில் எழுதி வைக்கிறோமே, அந்த ஜாதியைச் சேர்ந்தது. ‘எங்களுக்குக் கடன் கொடுக்கிறவர்களே! எங்கள் பெட்டியில் உள்ளதுதான் உங்களுக்கு. எங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது’ என்பதன் சுருக்கம்.

வாலில் வார்த்தை இல்லாத கம்பெனி எப்படியிருக்கும் என்பதற்குக் கிளாஸ்கோ நகரத்தார் பதில் சொல்வார்கள்.

கிளாஸ்கோ நகர பாங்க் 1839-ல் ஏற்பட்டது. 133 கிளைகள். லிமிடெட் என்று பெயரில் சேர்த்துக்கொள்ள அந்த நாளில் பாங்குகள் விரும்பவில்லை. பங்குதாரர்களின் கடைசிக் காசு வரையில் ஈடாக இருக்கிறது என்பதே பாங்குக்குப் பெருமை என்று நினைத்தார்கள். 1878-ல் அது 12 சதவிகிதம் லாபப் பங்கீடு அறிவித்தது. அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி கதவைத் திறக்கவில்லை. நான்கே ஆசாமிகளுக்கும் அவர்களுடைய கம்பெனிகளுக்கும் 50 லட்சம் பவுனுக்கு மேல் கடன் கொடுத்துவிட்டு, கணக்கைப் பொய்யாக எழுதி மறைத்திருந்தார்கள். பங்கு விலை இறங்காமலிருக்கப் பாங்கே தன் பங்கைத் தானே வாங்கிக்கொண்டிருந்தது.

பங்குதாரர்கள் 1,819 பேர். அவர்களில் விதவைகள் உண்டு, மணமாகாத பெண்கள் உண்டு, பாதிரிமார்கள் உண்டு. 100 பவுன் பங்கு ஒன்றுக்கு முதலில் 500 பவுன் கட்டு என்று உத்தரவு வந்தது. கட்ட முடியாதவர்கள் திவாலானார்கள். அவர்கள் பங்கையும் சேர்த்து மற்றவர்கள் கட்டவேண்டும் என்று, 2,250 பவுனுக்கு இரண்டாவது உத்தரவு வந்தது. ஆகமொத்தம் 100 பவுன் போட்டவர் 2,750 பவுன் கட்டவேண்டும். அநாதைக் குழந்தைகளின் சொத்தை நிர்வகிக்கிற டிரஸ்டியாக, பிறருக்காகத் தம் பெயரில் பங்கு வைத்திருந்தவர்கள்கூடச் சொந்தப் பணத்திலிருந்து கட்டவேண்டும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. புயல் ஓய்ந்தபோது கடன்படாமல் மிஞ்சியவர்கள் 254 பேர்.

டைரக்டர்களுக்கும் மானேஜருக்கும் என்ன தண்டனை? இரண்டு பேருக்குப் பதினெட்டு மாதம், ஐந்து பேருக்கு எட்டு மாதம் சிறை. பாங்கில் பணம் போட்டிருந்தவர்களுக்கு மட்டும் முழுப் பணமும் திரும்பக் கிடைத்தது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு பவுனும் யாரோ ஒரு விதவையின் வீட்டை ஏலம் போட்டு வந்தது. அடுத்த வருஷம், 1879-ல், பாங்குகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. ‘லிமிடெட்’ என்ற வார்த்தையைக் கேவலமாக நினைத்த பெரிய பாங்குகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதை வாலில் கட்டிக்கொண்டன.

ஸ்காட்டையும் கிளாஸ்கோ விதவைகளையும் மட்டும் பார்த்தால், லிமிடெட் சட்டம் கருணையின் அவதாரம் என்று கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் மூன்றாவது கதை ஒன்று இருக்கிறது.

லண்டனில் வைட்சேப்பல் பெரிய வீதியில் ஆரோன் ஸாலமன் என்பவர் பூட்ஸ் வியாபாரம் செய்துவந்தார். முப்பது வருஷமாக நடந்த நல்ல வியாபாரம். 1892-ல் அதை அவர் ஒரு கம்பெனிக்கு ஏறக்குறைய 39,000 பவுனுக்கு விற்றார். வாங்கிய கம்பெனியின் ஏழு பங்குதாரர்கள் யார் யார்? ஸாலமன், அவர் மனைவி, ஒரு பெண், நான்கு பிள்ளைகள். குடும்பத்தார் ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. மீதி 20,001 பங்கும் ஸாலமனுக்கு. விலையில் 10,000 பவுனுக்குக் கம்பெனியின் சொத்துக்களை ஈடுகாட்டிக் கடன் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். அதாவது, வலது கையால் விற்று இடது கையால் வாங்கி, தமக்குத்தாமே கடனும் கொடுத்து, அடமானமும் எழுதிக்கொண்டார்.

இதைக் கேட்டவுடன் ஸாலமனை மோசக்காரர் என்று தீர்மானித்துவிடாதீர்கள். பூட்ஸ் வியாபாரத்துக்குக் கெட்ட காலம் வந்தது, வேலைநிறுத்தங்களும் வந்தன. கம்பெனியைக் காப்பாற்றுவதற்காக அவர் தம் கடன் பத்திரத்தைப் பிராடரிப் என்பவரிடம் வைத்து 5,000 பவுன் வாங்கிப் போட்டார். அதுவும் போதவில்லை. 1893-ல் கம்பெனி மூழ்கியது. இருந்த சொத்து பிராடரிப்புக்குச் சரியாகி, ஏதோ கொஞ்சம் மிஞ்சியது. பத்திரம் இல்லாமல் சரக்குக் கொடுத்தவர்களுக்குக் கம்பெனி தரவேண்டிய பாக்கி சுமார் 7,700 பவுன். மிஞ்சிய கொஞ்சத்தையும் கடன் பத்திரத்தின் பேரில் ஸாலமன் கேட்டார்.

‘கம்பெனியாவது மண்ணாவது! ஸாலமன்தான் கம்பெனி. அவரே கட்டட்டும்’ என்று வழக்குப் போட்டார்கள். முதல் கோர்ட்டு, கம்பெனி ஸாலமனின் குமாஸ்தா என்றது. ஆகவே எஜமான் கொடுக்கவேண்டும். அப்பீல் கோர்ட்டும் ஸாலமனுக்கு விரோதமாகவே தீர்ப்புச் சொன்னது. ஸாலமன் அதற்குள் பரம ஏழையாகிவிட்டார். ஏழை வாதி என்ற சலுகையில்தான் பிரபுக்கள் சபைக்கு அப்பீல் செய்தார். 1896 நவம்பரில் பிரபுக்கள் ஏகமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். சட்டம் ஏழு பேர் வேண்டும் என்றது, ஏழு பேர் இருந்தார்கள். அவர்களுக்குள் உறவு இருக்கக்கூடாது என்றோ, சமமாகப் பங்கு வேண்டும் என்றோ சட்டம் சொல்லவில்லை. பதிவானவுடன் கம்பெனி வேறு, ஸாலமன் வேறு. கடன் கொடுத்தவர்கள் பெயரின் வாலைப் பார்த்திருக்கலாம். ரிஜிஸ்தரையும் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

நானும் இத்தனை வருஷமாகப் பாத்திரங்களைப் படைத்து வருகிறேன். அவற்றில் ஒன்றுகூட எழுந்து போய்க் கடன் வாங்கியதில்லை. பிரபுக்கள் சபை அன்று உயிர் கொடுத்த பாத்திரமோ கடன் வாங்கும், சொத்துச் சேர்க்கும், வழக்காடும், சாகும். அதற்காக அழுகிறவர்கள் மட்டும் வேறு ஆட்கள். இன்று நம் தேசத்துக் கோர்ட்டுகளிலும் கம்பெனி வழக்கு என்றால் ஸாலமன் பெயர் அடிபடாமல் போவதில்லை.

எனக்கு அந்த 7,700 பவுனைப் பற்றித்தான் யோசனை. தோல் விற்றவர், நூல் விற்றவர், ஆணி விற்றவர் என்று எத்தனையோ பேருடைய பணம் அது. அவர்கள் ஸாலமனின் முகத்தைப் பார்த்து முப்பது வருஷம் கடன் கொடுத்துப் பழகியவர்கள். அதே கடை, அதே முகம். மாறியது பெயரின் வால் ஒன்றுதான். அதைப் பார்க்காதது அவர்கள் குற்றமே என்று சட்டம் சொல்லிவிட்டது. மறுவருஷம், 1897-ல், பார்லிமெண்டு கொஞ்சம் மனமிரங்கி, மூழ்குகிற கம்பெனியின் சரக்கிலிருந்து தொழிலாளியின் கூலி பாக்கிக்கு முன்னுரிமை கொடுத்தது. தோல்காரருக்கு ஒன்றுமில்லை.

அப்படியானால் பழைய முழுப் பொறுப்பே மேல் அல்லவா என்று கேட்கலாம். அதற்கு நம் சென்னைப்பட்டணமே பதில் சொல்கிறது. ஆர்பத்நாட் கம்பெனி என்று பெயர்தானே ஒழிய, அது ஒரு கூட்டு வியாபாரம். பங்காளிகளுக்கு முழுப் பொறுப்பு. உத்தியோகஸ்தர்களும் பென்ஷன்காரர்களும் கிழவிகளும் அதன் பாங்கில் பணம் போட்டு வைத்திருந்தார்கள். கணக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று வெளியார் ஒருவருக்கும் தெரியாது. 1906-ஆம் வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி கதவு சாத்தியது. லண்டன் பங்காளி மக்பாடியன் ரயிலில் விழுந்து உயிரை விட்டார். ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. முழுப் பொறுப்பு என்று சட்டத்தில் இருந்து என்ன பயன்? பங்காளிகளின் பெட்டியிலும் இருந்தால்தானே? பணம் போட்டவர்களில் எத்தனையோ பேர் அடியோடு அழிந்தார்கள்.

அந்த இடிபாட்டிலிருந்து எழுந்ததுதான் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலியவர்கள் 1907-ல் ஸ்தாபித்த இந்தியன் பாங்க். அவர்கள் பழையபடி கூட்டு வியாபாரமாக அதை ஆரம்பிக்கவில்லை. லிமிடெட் கம்பெனியாகத்தான் ஆரம்பித்தார்கள். இந்தியாவில் கம்பெனிப் பதிவுச் சட்டம் 1850-லேயே வந்துவிட்டது, பொறுப்புக்கு எல்லை 1857-ல் வந்தது, பாங்குகளுக்கு 1860-ல். பொறுப்பு சிறிதானாலும், கணக்கு வெளிச்சத்தில் இருந்தால் ஜனங்கள் நம்புவார்கள் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

இவ்வளவும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். லிமிடெட் சட்டம் ஓர் ஒப்பந்தம். ‘உன் நஷ்டத்தில் ஒரு பகுதியை நாங்கள் தாங்குகிறோம்’ என்று ஊர் சொல்கிறது. ‘உங்களிடம் எதையும் மறைக்க மாட்டேன்’ என்று கம்பெனி சொல்கிறது. முதல் பாதியை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதிதான் மறந்துபோகிறது. 1956-ல் ஒரு கம்பெனிச் சட்டமும் 2013-ல் இன்னொன்றும் நம் பார்லிமெண்டில் நிறைவேறின. ஏழு பேர் வேண்டும் என்றிருந்தது. பிரைவேட் கம்பெனிக்கு இரண்டு பேர் போதும் என்று ஆயிற்று. 2013-க்குப் பிறகு ஒரே ஆளும் கம்பெனியாகலாம். ஸாலமன் மனைவி மக்களைத் தேடவேண்டிய அவசியமே இன்றைக்கு இல்லை.

ஒரு வாரம் கழித்து அச்சகக்காரர் வந்தார்.

“மிஷினுக்குப் பாங்கில் கடன் கேட்டீர்களே, என்ன ஆயிற்று?” என்றேன்.

“ஆயிற்று ஸார். என் சொந்த ஜாமீனும் வீட்டுப் பத்திரமும் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன்.”

“அப்படியானால் பாங்க்காரரிடம் நீங்கள் லிமிடெட் இல்லை.”

“இல்லைதான்.”

“வேறு யாரிடம் லிமிடெட்?”

அவர் யோசித்தார். அவருக்குக் காகிதம் கொடுப்பவர் பாரிமுனைப் பக்கம் கடை வைத்திருக்கும் ராவுத்தர். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. ரீம் கணக்கில் மூன்று மாதக் கடனுக்குக் காகிதம் வந்து இறங்கும். பாக்கி எப்போதும் சில லட்சம் இருக்கும். மூழ்குகிற கம்பெனியில் யாருக்கு முதலில், யாருக்குப் பின்னால் என்று 2016-ஆம் வருஷத்துத் திவால் சட்டம் வரிசை போட்டிருக்கிறது. தொழிலாளியின் இருபத்துநான்கு மாதப் பாக்கி, பத்திரம் வைத்திருக்கும் பாங்க்காரரோடு சமமாக நிற்கிறது. காகிதக் கடைக்காரர் அவர்களுக்கெல்லாம் பின்னால் எங்கேயோ நிற்கிறார்.

“ராவுத்தரிடம் சொன்னீர்களா?”

“அவரிடம் எதற்கு ஸார்? பில்லில் பெயர் மாறியிருக்கும். பார்த்துக்கொள்ள மாட்டாரா?”

“நீங்கள் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.”

அவர் முகம் சுண்டிப் போயிற்று. இரண்டு நாள் அவரிடமிருந்து போனே வரவில்லை. மூன்றாம் நாள் பத்திரத்தோடு வந்து சேர்ந்தார்.

“சொல்லிவிட்டேன்” என்றார்.

“என்ன சொன்னார்?”

“‘தம்பி, நான் உங்க முகத்தைப் பார்த்துத்தான் இத்தனை நாள் கடன் கொடுத்தேன், போர்டைப் பார்த்து இல்லை’ என்றார். அப்புறம் கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டார். இனிமேல் எனக்கு மூன்று மாதம் கிடையாதாம். ஒன்றரை மாதந்தானாம்.”

“கோபித்துக்கொண்டாரா?”

“கோபமெல்லாம் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.”

நான் பத்து ரூபாயை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அச்சகத்துக்குப் புதுப் போர்டு மாட்டியாகிவிட்டது. ஒன்றரை மாதக் கடனில் அச்சகம் நடத்துவது கஷ்டம் என்று நண்பர் இன்னும் என்னிடம் குறைப்பட்டுக்கொள்கிறார். என் அடுத்த நாவலின் அச்சுக்கூலியும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.